கொசுப்புழு எண்ணப் போய்த் தண்ணீர்ப் பலகையில் முடிந்த கதை

எங்கள் பள்ளியில் சேவை என்றால் மரக்கன்றுதான். சுதந்திர தினத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒன்று, யாராவது அதிகாரி வந்தால் இன்னொன்று. பள்ளி வாசலுக்கு இடதுபக்கம் இருக்கும் ஒரே குழியில் மூன்று வருடம் தொடர்ந்து கன்று நட்டிருக்கிறோம். ஆடு தின்றுவிடும். அடுத்த ஆண்டுக்குக் குழி தயாராக இருக்கும். புகைப்படத்தில் பிள்ளைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதியில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி அது. அங்கே நான் அறிவியல் ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை வைத்து ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு சேவைத் திட்டம் நடத்தினேன். அதில் எது நடந்தது, எது சொதப்பியது என்பதை இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

குழந்தைகள் அறிவியல் மாநாட்டில்தான் எனக்கு இதற்கான விதை விழுந்தது. 1993 முதல் தேசிய அளவில் நடக்கும் மாநாடு அது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்து நடத்துகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, எழுதிக் கொண்டுவர வேண்டும். தாய்மொழியிலேயே எழுதலாம். நடுவராகச் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஆசிரியரின் கையெழுத்து பளிச்சென்று தெரியும். "இந்த அட்டவணையில் இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டால் பிள்ளை திரும்பி ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். ஆகவே இந்த முறை ஒரே ஒரு முடிவோடு தொடங்கினேன். பிரச்சினையை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சொல்வது சுலபம். ஒரு வாரம் ஒவ்வொரு பிள்ளையும் ஊரில் தனக்கு எரிச்சல் தரும் விஷயங்களை எழுதிவர வேண்டும் என்றேன். பஸ் நிற்காமல் போவது, தெருநாய், மைதானத்தில் உடைந்த பாட்டில், காய்ச்சல், கழிவறைக்குக் கதவு இல்லாதது என்று வந்தது. ஒரு பையன் "அப்பா குடிப்பது" என்று எழுதியிருந்தான். அந்தத் தாளை மட்டும் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அது பிள்ளைகளின் திட்டமாக ஆகக்கூடாத விஷயம். அவனோடு தனியாகப் பேச வேண்டியது. இப்படி ஒரு தாள் எல்லாப் பள்ளியிலும் வரும். வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

மீதியைப் பிள்ளைகளே சலித்தார்கள். மூன்று கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன். இதை நாம் எண்ணவோ அளக்கவோ முடியுமா? அதைச் செய்யும்போது யாருக்காவது அடிபடுமா? அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஏதாவது மாறுமா? பஸ் மூன்றாவதில் விழுந்தது, தெருநாய் இரண்டாவதில். காய்ச்சல் நின்றது. முந்தின ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று டெங்கு வந்து மதுரையில் பத்து நாள் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அது அவர்கள் பிரச்சினை.

காலத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதோடு டெங்குக் காலமும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அந்த மாதம் யாரையும் தொட முடியாது. ஆகவே ஜூலையில் பயிற்சி, மாதக் கடைசியில் முதல் கணக்கெடுப்பு, ஆகஸ்டில் வேலை, அக்டோபர் கடைசியில் இரண்டாவது கணக்கெடுப்பு. பெற்றோரிடம் கையெழுத்து, ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் கூட வருவதாக ஒப்புக்கொண்டார். அவரும் ஒரு மாணவியின் அம்மாதான். இந்தக் காகித வேலைக்கே மூன்று வாரம் போனது.

பயிற்சிக்குச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் டப்பாவில் புழுவைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்கு முகத்தில் களை வந்தது. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் புழு தலைகீழாகத் தொங்கும், நிழல் விழுந்தால் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கிவிடும். முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஒரு வாரம் பத்து நாள் போதும். சாக்கடையைத் தேடி அது போகாது, வீட்டுக்குள் நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஓரத்தில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும் என்பது இதனால்தான். "அப்ப எங்க அம்மா வாரா வாரம் அண்டாவைக் கவுத்து வைக்கிறது வேஸ்ட்டா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். வேஸ்ட் இல்லை, பாதி வேலை.

அந்த டப்பாவை வகுப்பிலேயே வைத்து வளர்ச்சியைப் பார்க்கலாம் என்று நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வாயில் வலை கட்டி ஜன்னலோரம் வைத்தோம். வெள்ளிக்கிழமை கூட்டுப்புழு ஆனது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் வலையில் ஒரு ஓட்டை, டப்பாவில் வெறும் தோல்கள், வகுப்பில் கொசு. அந்த வாரம் ஆறாம் வகுப்பை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று தெரு, 42 வீடு. சனிக்கிழமை காலைகளில் இரண்டிரண்டு பேராக, ஒரு டார்ச், ஒரு நோட்டு. வீட்டுக்குள் போகக் கூடாது, முற்றமும் கொல்லையும் மட்டும். அண்டா, குடம், சிமெண்டுத் தொட்டி, உரல், பழைய டயர், கொட்டாங்குச்சி என்று தண்ணீர் நிற்கும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும், புழு இருக்கிறதா இல்லையா என்று குறிக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமையே நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று நடந்தது. பெரிய தெருவில் ஒரு வீட்டில், காலனியிலிருந்து வரும் மாணவி அண்டாவின் மூடியை நகர்த்தப் போனாள். வீட்டம்மா, "நீ தொடாத, அந்தப் புள்ளைய பாக்கச் சொல்லு" என்று கூட வந்தவளைக் கைகாட்டினார். கத்தவில்லை, திட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அவள் நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு மறுநாள்தான் தெரியும், அதுவும் கூடப் போனவள் சொல்லி.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடும் ஒரு வேலையை இந்த ஊரில் திட்டமிட்டுவிட்டு இதை நான் யோசிக்காமல் இருந்தேன் என்பதை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. திங்கட்கிழமை எட்டுப் பேரையும் உட்காரவைத்துப் பேசினோம். தொடாதே என்று சொன்ன வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று இரண்டு பையன்கள் சொன்னார்கள். அந்த மாணவிதான் வேண்டாம் என்றாள். கடைசியில் அவர்களே ஒரு விதி போட்டார்கள்: எந்தத் தெருவிலும், எந்த வீட்டிலும், நாம் யாரும் பாத்திரத்தைத் தொடுவதில்லை. வீட்டுக்காரரே மூடியைத் திறக்க வேண்டும், நாம் டார்ச் மட்டும் அடிப்போம். இந்த விதியால் ஒரு நன்மையும் வந்தது. தன் அண்டாவில் புழு நெளிவதை வீட்டுக்காரரே பார்த்தார், அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த விதி அன்றைக்கு நடந்ததைச் சரிசெய்ததா, இல்லை மூடித்தான் வைத்ததா என்று எனக்குள் இன்னும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு திட்டம் போடுகிறவர்கள் ஜோடி பிரிப்பதற்கு முன்பே இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கணக்கு வந்தது. 42 வீட்டில் 14 வீடுகளில் புழு, அதாவது மூன்றில் ஒன்று. புழு இருந்த பாத்திரங்கள் 19. கொசு ஆய்வில் இதை நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரம் என்று மாற்றிச் சொல்வார்கள், பிரெட்டோ குறியீடு என்று பெயர். எங்களுக்கு 45 வந்தது. "இருக்கிறதே 42 வீடு, நூறு வீட்டுக்கு எப்படி டீச்சர்?" என்ற கேள்வியில் சதவீதப் பாடம் இரண்டு நாளில் முடிந்தது. கணக்கு ஆசிரியர் சந்தோஷப்பட்டார். அந்த 19-ல் 17 வீட்டு உபயோகத்துக்குத் தண்ணீர் பிடித்துவைக்கும் அண்டாவும் தொட்டியும்தான். டயர் ஒன்று, உரல் ஒன்று.

அப்புறம் ஆகஸ்ட். பிள்ளைகள் போஸ்டரில் இருந்ததையே ஒப்பித்தார்கள்: "தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள், வாரம் ஒருமுறை கொட்டிக் காயவையுங்கள்." இரண்டாவது வீட்டிலேயே பதில் வந்தது. "தண்ணி எப்ப வரும்னே தெரியல. கொட்டிட்டா உங்க டீச்சரா ஊத்துவாங்க?"

எட்டுப் பேரும் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். என்னைக் கேட்டால் திட்டமே அந்த நாளில்தான் தொடங்கியது. கூட்டுக் குடிநீர் எங்கள் ஊருக்கு நாலு நாளைக்கோ ஆறு நாளைக்கோ ஒருமுறை வரும். மேல்நிலைத் தொட்டி நிறைந்தால்தான் திறந்துவிடுவார்கள். அடுத்தது எப்போது என்று தெரியாதவர்கள் வீட்டில் இருக்கும் அத்தனை பாத்திரத்திலும் பிடித்துத்தான் வைப்பார்கள். அதில் மேலே இருப்பதைச் செலவழிப்பார்கள், அடியில் கிடப்பது பத்து நாள் பழசாகும். கொசுவுக்கு அது போதும். மருந்து ஊற்ற வரும் பணியாளர்கள் அபேட் என்ற புழுக்கொல்லியை ஊற்றிவிட்டுப் போவார்கள். வாடை அடிக்கிறது என்று அவர்கள் வருவதற்கு முன்பே குடத்தை உள்ளே எடுத்து ஒளித்துவைக்கும் வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொட்டச் சொல்ல முடியாது, சரி, மூடச் சொல்லலாமா? தகர மூடி அண்டா வாயில் சரியாக உட்காராது, ஓர இடைவெளி கொசுவுக்கு வாசல். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயில் கட்டிப் பார்த்தார்கள். முடிச்சைத் தினமும் அவிழ்த்துக் கட்ட யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு மாணவியின் பாட்டி பழைய உள்பாவாடையின் நாடா மடிப்புக்குள் எலாஸ்டிக் நுழைத்துத் தொப்பி மாதிரி தைத்துக் கொடுத்தார். இழுத்து மாட்டினால் போதும். அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் கேட்க ஆரம்பித்தார்கள். பாட்டி ஆகஸ்ட் முழுக்கத் தைத்தார். எலாஸ்டிக் செலவுக்கு நானும் தலைமையாசிரியரும் காசு போட்டோம். திட்ட அறிக்கையில் "சமூகப் பங்கேற்பு" என்று ஒரு தலைப்பு உண்டு. எங்களுக்கு அது ஒரு தையல் மிஷினும் ஒரு கிழவியும்.

இதோடு ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சின்னத் திட்டம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். குழு வேலையில் வாயுள்ள பிள்ளை முன்னால் போய்விடும், வாயில்லாத பிள்ளை தண்ணீர் பாட்டில் தூக்கும். தனித்திட்டம் அதற்கு மருந்து. எட்டில் மூன்று பாதியிலேயே நின்றன, ஒன்று கதைப்புத்தகத்திலிருந்து காப்பியடித்தது. ஒருவன் யூடியூபில் பார்த்துச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பாட்டிலில் கொசுப்பொறி செய்தான். பத்து நாளில் விழுந்தவை எட்டு ஈக்கள், ஒரு அந்துப்பூச்சி. அதை அப்படியே எழுதினான். எனக்கு மிகவும் பிடித்த நோட்டு அதுதான். இன்னொருத்தி, அந்தக் காலத்தில் தண்ணீரை எப்படி வைத்திருந்தார்கள் என்று ஐந்து பாட்டிகளிடம் கேட்டு எழுதினாள். கலங்கல் தெளிய மண்பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைப்பது எனக்கே மறந்துபோன விஷயம்.

வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். அவன் செய்தது ரொம்பச் சாதாரணம்: வீட்டுக் காலண்டரில் தண்ணீர் வந்த நாளையெல்லாம் வட்டம் போட்டான். ஆகஸ்ட் கடைசியில் அதைக் கொண்டுவந்து நீட்டினான். வட்டங்களுக்கு நடுவே ஒருமுறை மூன்று நாள், ஒருமுறை ஏழு நாள், ஒருமுறை ஐந்து நாள். "தினமும் வர வேணாம் டீச்சர். எந்த நாள்னு சொன்னா போதும்ல?" என்றான். இத்தனை நாள் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. தண்ணீர் குறைவு என்பதைவிட, எப்போது வரும் என்று தெரியாததுதான் அண்டாவை நிறைத்து வைக்கச் சொல்கிறது.

அக்டோபர் 2 கிராம சபை. பிள்ளைகளைப் பேசவைப்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. பெரியவர்கள் தங்கள் சண்டைக்கு அவர்களைப் பயன்படுத்திவிடுவார்கள். ஒரே ஒரு கோரிக்கை, இரண்டு நிமிடம், காலண்டரைக் காட்டுவது மட்டும் என்று முடிவு செய்தோம். வட்டம் போட்டவன் பேச மாட்டேன் என்றுவிட்டான். பெரிய தெருவில் நோட்டைப் பிடித்து நின்றவள் பேசினாள். தொட்டியை இயக்குபவர் எழுந்து, தனக்கே முதல்நாள் மாலைதான் தெரியும், ஆனால் தெரிந்ததும் சொல்ல முடியும் என்றார். மேல்நிலைத் தொட்டியின் தூணில் ஒரு கரும்பலகை. "நாளை தண்ணீர் உண்டு" அல்லது "நாளை இல்லை". ஊராட்சிக்கு அதில் செலவென்று பார்த்தால் பலகையும் ஆணியும்தான்.

அக்டோபர் கடைசியில் இரண்டாவது கணக்கெடுப்பு. மழை இரண்டு வாரம் கொட்டியிருந்தது. அதே 42 வீடு. புழு இருந்த பாத்திரங்கள் 23.

19 இருந்தது 23 ஆகிவிட்டது. ஒரு பையன் அழுதேவிட்டான். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை அதற்குள் ஒருத்தி நோட்டைப் புரட்டி, எந்தெந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கூட்ட ஆரம்பித்தாள். வீட்டு அண்டா, தொட்டியில் 17 இருந்தது 6 ஆகியிருந்தது. வெளியே கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, டீ கப், உடைந்த வாளியில் 2 இருந்தது 17 ஆகியிருந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் தோல்வி. பிரித்துப் பார்த்தால், தொட்ட இடத்தில் குறைந்திருக்கிறது, தொடாத இடத்தை மழை நிரப்பியிருக்கிறது. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே அந்த ஐந்து மாதம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் 17 குறைந்து 6 ஆனது துணித் தொப்பியாலா, பலகையாலா, மழையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது பிடித்ததாலா? பிரித்துச் சொல்ல எங்களிடம் வழி இல்லை. நாங்கள் எதுவும் செய்யாத ஒரு பக்கத்துத் தெருவையும் இரண்டு முறை எண்ணியிருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். முதலில் அப்படித்தான் நினைத்தேன், பிள்ளைகள்தான் கெடுத்தார்கள். "அவங்க தொட்டியில புழு இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம வரணுமா டீச்சர்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. விட்டுவிட்டோம். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாவட்ட அளவில் இதைக் கொண்டுபோனபோது நடுவர் சரியாக அங்கேதான் கை வைத்தார். மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில அரசுப் பள்ளிகளில் 75 மணி நேரச் சேவையோ அதற்கு ஈடாக ஏற்கப்பட்ட உள்ளூர்த் திட்டமோ இல்லாமல் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாது. 1997-ல் படிப்பை முடித்தவர்களிலிருந்து இது நடப்பில் இருக்கிறது, நடுநிலை வகுப்புகளிலேயே மணி சேர்க்கத் தொடங்கலாம். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் இந்த வயதுப் பிள்ளைகளின் சமூகத் திட்டத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம், ஒரு குழுவில் அதிகபட்சம் மூன்று பேர். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். மணிக் கணக்கு பெரியவர்களின் வசதிக்கு. தண்ணீர் வந்த நாளில் வட்டம் போட ஒரு நொடிதான் ஆகும், அதை எந்தப் படிவத்தில் எத்தனை மணி என்று எழுதுவது? குழுவில் மூன்று பேர் என்பதை மட்டும் அடுத்த முறை எடுத்துக்கொள்வேன். எட்டுப் பேரை நான் ஒருத்தி கவனித்தது அதிகம்.

தொடாமல் விட்ட டயர்கள் பெரும்பாலும் பஞ்சர் கடைக்குப் பின்னால் கிடந்தவை. கடைக்காரரிடம் போய்க் கேட்டோம், எடுத்துவிடுகிறேன் என்றார். இன்னும் எடுக்கவில்லை.

அந்த எட்டுப் பேரும் இப்போது உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். பாட்டி தைப்பதை நிறுத்திவிட்டார், எலாஸ்டிக் தளர்ந்த தொப்பிகளை வீடுகளில் சாக்குக் கட்ட வைத்திருக்கிறார்கள். பலகை மட்டும் இருக்கிறது. தொட்டிக்கு எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை அதில் எழுதுகிறாள். சாயங்காலம் இயக்குபவர் சைக்கிளை நிறுத்தாமலேயே "நாளைக்கு உண்டு தாயி" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் "நாளை தன்னீர் உண்டு" என்று எழுதுவாள். நான் இரண்டு தடவை திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.